கல்லைக் கொடுத்த கை: கொடுமைக் கதைகளில் கொடியவரும் பலியானவரும்

ஒரு மனிதர் இன்னொருவரை வதைக்கிறார். அதைக் கதையாக்கும் எழுத்தாளர் விளக்கை யார் முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டும்? வதைப்பவர் முகத்துக்கா, வதைபடுபவர் முகத்துக்கா? இலக்கியத்தைப் பற்றி மனிதர்கள் எழுதத் தொடங்கிய நாள் முதல் இக்கேள்வி இருந்துவருகிறது.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் 'கவிதையியல்' நூலில் ஒரு விடை சொன்னார். குற்றமே இல்லாத நல்லவர் வீழ்வதைக் காட்டினால் வெறுப்புதான் மிஞ்சும். தீயவர் வீழ்ந்தால் இரக்கம் வராது. நம்மைப் போல நடுத்தரமாக இருந்து, ஏதோ ஒரு பிழை செய்த மனிதர் வீழும்போதுதான் இரக்கமும் அச்சமும் சேர்ந்து எழும் என்பது அவர் கருத்து. பகைவர் பகைவரைக் கொல்வதைவிட, உறவுக்குள் நிகழும் கொடுமையே நெஞ்சைத் தைக்கும் என்றும் அவர் சேர்த்துக்கொண்டார்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் வேறு வழியில் போகிறது. அழுகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: இளிவு, இழவு, நிலைகுலைந்து தளரும் அசைவு, வறுமை. அச்சம் பிறக்கும் இடங்களும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் இறை. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. அச்சத்தின் பட்டியலில் செய்பவர்கள் இருக்கிறார்கள். அழுகையின் பட்டியலில் பட்டவரின் நிலை மட்டுமே இருக்கிறது, யாரால் என்பது இல்லை. செய்தவரைப் பார்த்தால் அச்சம், பட்டவரைப் பார்த்தால் அழுகை என்று இதை வாசிக்க இடமுண்டு. இலக்கண ஆசிரியர் அப்படி ஒரு கோட்பாட்டை வகுத்தார் என்று சொல்வது மிகையாகிவிடும். ஆனால் பின்னால் வந்த சிறுகதைகளைப் பிரித்துப் பார்க்க இந்தக் கோடு உதவுகிறது.

கொடுமையைப் பேசும் புகழ்பெற்ற சிறுகதைகளைப் பற்றிய விமர்சனம் பெரும்பாலும் அச்சத்தின் பக்கமே சாய்ந்திருக்கிறது. கொடியவரின் மனத்தைக் குடைந்து எழுதப்பட்டவை ஏராளம். பலியானவருக்கோ 'அப்பாவி' என்ற ஒரே சொல்லைக் கொடுத்து ஓரமாக உட்கார வைத்திருக்கிறோம். இந்தக் குறை எங்கிருந்து வந்தது, யார் யார் அதைச் சரிசெய்ய முயன்றார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

தனியொரு கொடியவன்

முதல் நிலைப்பாடு மிகப் பழையது, எளியது. கொடுமை ஒரு மனிதனின் மனத்தில் பிறக்கிறது. அவனைக் கண்டுபிடித்துவிட்டால் கொடுமையைக் கண்டுபிடித்ததாகும். ஐரோப்பாவின் திகில் கதைகளிலிருந்து இது சிறுகதைக்குள் வந்தது. தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே தேவையில்லை. பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பும் எம்.என். நம்பியாரின் உள்ளங்கைப் பிசைவும் 'வில்லன்' என்ற சொல்லுக்கு நம் மனத்தில் ஓர் உருவத்தைப் பதித்துவிட்டன.

இந்த வகையின் உச்சம் எட்கர் ஆலன் போ 1846இல் வெளியிட்ட 'அமோண்டிலாடோ மதுப்பீப்பாய்'. திருவிழா நாளில், குடிபோதையில் இருக்கும் ஃபார்ச்சுனாட்டோவை மாண்ட்ரசர் தன் குடும்பக் கல்லறைச் சுரங்கத்துக்குள் அழைத்துப் போகிறான். நல்ல மதுவைச் சுவைத்துச் சொல்ல வேண்டும் என்பது சாக்கு. நண்பன் இருமுகிறான்; திரும்பிவிடலாமே என்று இவன் திரும்பத் திரும்பக் கரிசனம் காட்டுகிறான். கடைசியில் சங்கிலியில் பூட்டி, கொத்துக்கரண்டி எடுத்து, வரிசை வரிசையாகக் கல் அடுக்கி உயிரோடு சுவரெழுப்பி மூடுகிறான். ஐம்பது ஆண்டு கழித்து இதை அவனே சொல்கிறான். ஏன் செய்தான்? அவமதித்துவிட்டான் என்கிறான். என்ன அவமதிப்பு என்று கதை முடியும் வரை சொல்வதில்லை.

இங்கேதான் விமர்சகர்கள் பிரிந்தார்கள். சாகும் தறுவாயில் செய்யும் பாவமன்னிப்பு வாக்குமூலம் என்று ஒரு சாரார். துளியும் வருந்தாத ஒருவனின் பெருமைப் பேச்சு என்று இன்னொரு சாரார். இரு தரப்பும் மாண்ட்ரசரைப் பற்றியே பேசுகின்றன. ஃபார்ச்சுனாட்டோவிடம் என்ன இருக்கிறது? கோமாளி உடை, இருமல், தொப்பியில் கட்டிய சலங்கை. கடைசிக் கல்லை வைப்பதற்குச் சற்று முன் உள்ளேயிருந்து வருவது அந்தச் சலங்கைச் சத்தம் மட்டும். கொடியவன் வாயாலேயே கதை கேட்பதால், கொல்லப்பட்டவனுக்கு அந்த மணியொலிக்கு மேல் எதுவும் மிஞ்சவில்லை. இது போவின் திறமை. இந்த நிலைப்பாட்டின் பலவீனமும் இதுதான்.

ரிச்சர்ட் கானல் 1924இல் எழுதிய 'மிக ஆபத்தான வேட்டை' இதே தடத்தில் நடந்து ஓர் இடத்தில் விலகுகிறது. தீவில் ஒதுங்கும் மனிதர்களை வேட்டையாடும் தளபதி ஜாராஃப் ஒரு நேர்கோட்டு வில்லன். ஆனால் அவனுக்கு இரையாகும் ரெயின்ஸ்ஃபோர்டு கதையின் தொடக்கத்தில் கப்பலில் நின்று, வேட்டையாடப்படும் ஜாகுவாரின் உணர்ச்சியைப் பற்றி யாருக்குக் கவலை என்று பேசியவன். வேட்டைக்காரன் வேட்டைப்பொருளாகிறான்; பிழைத்தெழுந்து ஜாராஃபின் படுக்கையிலேயே நிம்மதியாகத் தூங்குகிறான். அவன் திருந்தினானா, அடுத்த ஜாராஃப் ஆனானா என்பதைக் கதை சொல்லவில்லை. விறுவிறுப்புக்காக எழுதப்பட்ட கதைதான். இருந்தாலும், பலியாகவிருந்தவனின் கையும் சுத்தமில்லை என்ற கேள்வி அதில் தலைகாட்டிவிட்டது.

ஊரே கொல்லும்போது

இரண்டாவது நிலைப்பாடு கொடுமையை ஊர்க்கூட்டத்தில் தேடுகிறது. ஷர்லி ஜாக்சனின் 'லாட்டரி' 1948 ஜூன் 26 தேதியிட்ட 'நியூயார்க்கர்' இதழில் வெளியானது. அந்தக் கோடையில் மட்டும் தனக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்ததாக ஜாக்சன் பின்னர் ஓர் உரையில் குறிப்பிட்டார். குழப்பம், ஊகம், வசை ஆகிய மூன்றுமே அவற்றில் நிறைந்திருந்தன. சிலர் இந்தச் சடங்கு எங்கே நடக்கிறது, நேரில் போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கதையில் வில்லன் இல்லாததால் வந்த தடுமாற்றம் இது. சுமார் 300 பேர் வாழும் ஊர். ஜூன் 27, வெயில் காயும் காலை. கறுப்புப் பெட்டியிலிருந்து சீட்டு எடுக்கிறார்கள். புள்ளி விழுந்த சீட்டு யாருக்கோ அவரை ஊர் கூடிக் கல்லால் அடித்துக் கொல்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இக்கதைக்கு முதலில் கிடைத்த விளக்கம் மானிடவியலிலிருந்து வந்தது. 1890இல் ஜேம்ஸ் ஃபிரேசர் வெளியிட்ட 'தங்கக் கிளை' விளைச்சலுக்காக உயிர்ப்பலி தரும் சடங்குகளைத் தொகுத்திருந்தது. ஜூன் குலுக்கலையும் சோள விளைச்சலையும் இணைத்து முதியவர் வார்னர் சொல்லும் பழமொழி அந்த வாசிப்புக்கு இடம் தந்தது. பிறகு ரெனே ஜிரார்டு 1972இலும் 1982இலும் எழுதிய நூல்களில், உள்ளுக்குள் பகை முற்றிய சமூகம் ஒருவர் மேல் எல்லாப் பழியையும் சுமத்தி அமைதி தேடுகிறது என்ற பலியாடு கோட்பாட்டை முன்வைத்தார். மார்க்சிய விமர்சகர்கள் குலுக்கலை நடத்துபவரின் தொழிலைப் பார்த்தார்கள். சம்மர்ஸ் நிலக்கரி வணிகர், கிரேவ்ஸ் அஞ்சலக அதிகாரி. பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்களே ஊரின் பெரியவர்கள்.

மூன்றும் பயனுள்ளவை, மூன்றிலும் ஓட்டை உண்டு. ஃபிரேசர் வழி போனால் கொடுமை எங்கோ பழங்காலத்துக்குப் போய்விடுகிறது, இன்றைய ஊர் தப்பிவிடுகிறது. ஜிரார்டின் கோட்பாட்டுக்கு ஒரு நெருக்கடி வேண்டும். ஜாக்சனின் ஊரில் பஞ்சமும் இல்லை, பகையும் தெரியவில்லை. பலியாகப்போகிறவர் மேல் யாரும் எந்தப் பழியும் சுமத்தவில்லை. வர்க்க வாசிப்பு பெட்டியை வைத்திருப்பவரை விளக்குகிறது, கல்லை எடுப்பவரை விளக்கவில்லை.

மூன்றுமே வேகமாகக் கடந்துபோன ஒருத்தி டெஸ்ஸி ஹட்சின்சன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்ததில் நாள் மறந்து, ஏப்ரனில் கையைத் துடைத்தபடி தாமதமாக ஓடிவருகிறாள். பக்கத்தில் நின்ற டெலக்ராய் அம்மாளிடம் சிரித்துப் பேசுகிறாள். ஊர் கேலி செய்கிறது, அவளும் சிரிக்கிறாள். தன் குடும்பத்துக்குச் சீட்டு விழுந்த பிறகுதான் முறைகேடு என்று கத்துகிறாள். அடுத்து அவள் செய்வதை வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள்: கல்யாணமாகிப் போன மகளையும் மருமகனையும் தங்களோடு சேர்த்துச் சீட்டெடுக்க வைக்கச் சொல்கிறாள். எண்ணிக்கை கூடினால் தன் அபாயம் குறையும் அல்லவா? அவள் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி ஊருக்குக் காட்டுபவன் கணவன். இரு கையாலும் தூக்க வேண்டிய அளவுக்குப் பெரிய கல்லைத் தேர்ந்தெடுப்பவள், சற்று முன் சிரித்துப் பேசிய அதே டெலக்ராய் அம்மாள்.

அரிஸ்டாட்டில் கேட்ட நடுத்தர மனிதரும் உறவுக்குள் நிகழும் கொடுமையும் இங்கே ஒருசேர இருக்கின்றன. போன ஆண்டு வேறு யார் மேலோ டெஸ்ஸியும் கல் எறிந்திருப்பாள். அவள் சாவு அதனால் நியாயமாகிவிடுமா? ஒருபோதும் ஆகாது. ஆனால் அவளை வெள்ளைத் துணி போர்த்திய அப்பாவியாக்கினால் கதையின் பாதி தொலைந்துபோகிறது.

இயந்திரமும் காவலரும்

மூன்றாவது நிலைப்பாடு கொடுமையை அமைப்பில் தேடுகிறது. காஃப்கா 1914இல் எழுதி 1919இல் வெளியான 'தண்டனைத் தீவில்' இதன் மூலக்கதை. தண்டிக்கப்பட்டவனின் உடம்பில் அவன் மீறிய கட்டளையை 12 மணி நேரம் ஊசிகளால் எழுதிக் கொல்லும் இயந்திரம். அதன் ஒவ்வொரு பாகத்தையும் அதிகாரி பெருமையோடு பயணிக்கு விளக்குகிறார், ஃபிரெஞ்சு மொழியில். சாகப்போகிறவனுக்கு ஃபிரெஞ்சு தெரியாது. என்ன தண்டனை, எதற்காக என்றும் தெரியாது. அதிகாரியின் விரல் சுட்டும் இடத்தையெல்லாம் கண்ணால் பின்தொடர்ந்து, புரிந்துகொள்ள முயல்கிறான். இந்தக் கதையில் இதைவிடக் கொடிய வரி எனக்குத் தென்படவில்லை.

1963இல் ஹன்னா ஆரெண்ட், நாஜி அதிகாரி ஐக்மன் மீதான விசாரணையைப் பற்றிய நூலில், பெருங்கொடுமை செய்தவர் சிந்திக்க மறுத்த ஒரு சாதாரண அலுவலராகத் தோன்றியதை எழுதினார். அதே ஆண்டு ஸ்டான்லி மில்கிராம் யேல் பல்கலைக்கழகச் சோதனையை வெளியிட்டார். பங்கேற்ற 40 பேரில் 26 பேர், சோதனையை நடத்தியவர் கட்டளையிட்டார் என்பதற்காக 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி தருவதாக நம்பிப் பொத்தானை அழுத்தினார்கள். அதன்பின் காஃப்காவையும் ஜாக்சனையும் வாசித்தவர்கள் இந்த இரண்டையும் துணைக்கு அழைத்தார்கள்.

துணை உறுதியானதுதானா என்பதில் ஐயம் வளர்ந்திருக்கிறது. ஐக்மன் வெறும் அலுவலர் அல்ல, தீவிர நம்பிக்கையோடு செய்தவர் என்று 2011இல் பெட்டினா ஸ்டாங்நெத் ஆவணங்களைக் கொண்டு வாதிட்டார். மில்கிராமின் பங்கேற்பாளர் பலர் அதிர்ச்சி போலியானது என்று சந்தேகித்ததை ஜினா பெர்ரியின் ஆய்வு காட்டியது. காஃப்காவின் அதிகாரியும் வெறும் பணியாள் இல்லை. இயந்திரத்தை நேசிப்பவர், பயணியின் ஆதரவு கிடைக்காது என்று தெரிந்ததும் தானே அதில் படுத்துக்கொள்கிறவர். அமைப்பு என்று சொல்லிவிட்டால் தனிமனிதர் காணாமல் போய்விடுவதில்லை.

இக்கதையிலும் பலியானவன் பக்கம் திரும்ப வேண்டும். விடுவிக்கப்பட்ட கைதி, அதிகாரி இயந்திரத்தில் படுத்ததைக் கண்டு சத்தமின்றி வாய்கொள்ளாமல் சிரிக்கிறான். பழிக்குப் பழி என்று நினைக்கிறான். கொடுமையை ஏற்காத கண்ணியவானான பயணி என்ன செய்கிறார்? தன்னோடு படகில் ஏற ஓடிவரும் அந்தக் கைதியையும் காவலனையும் முடிச்சுப் போட்ட கயிற்றைக் காட்டி விரட்டுகிறார்.

கூட வந்தவர்கள்

அந்தப் பயணியிடமிருந்து நான்காவது நிலைப்பாட்டுக்கு ஓரடிதான். கொடுமையின் இருப்பிடம் பார்த்து நிற்பவர், பலன் அடைபவர். மொபஸான் 1880இல் எழுதிய 'பூல் த ஸ்விஃப்' கதையில் பிரஷ்ய அதிகாரிதான் பகைவன். ஆனால் எலிசபெத் ரூசே என்ற பாலியல் தொழிலாளியை அவனிடம் போகும்படி கரைத்துக் கரைத்து அனுப்புபவர்கள் அவளோடு வண்டியில் வந்த கனவான்களும் சீமாட்டிகளும். கன்னிகாஸ்திரீ ஒருவர் சமய நியாயமும் தருகிறார். பயணத்தின் தொடக்கத்தில் எல்லாரும் அவள் கூடையிலிருந்து சாப்பிட்டார்கள். கடைசியில் அவர்கள் ஆளுக்கொரு பொட்டலம் பிரித்துச் சாப்பிட, பசியோடு அழுகிறவளுக்கு ஒருவரும் ஒரு துண்டு நீட்டவில்லை.

1973இல் வெளியான அர்சுலா லெ குவினின் ஒமெலாஸ் கதை இதையே ஒரு தத்துவக் கணக்காக்கியது: ஒரு நகரத்தின் மகிழ்ச்சி முழுதும் அடைத்துவைக்கப்பட்ட ஒரு குழந்தையின் துயரத்தால் நிலைக்கிறது என்றால் அதை ஏற்கலாமா? தெளிவான கணக்குதான். ஆனால் அந்தக் குழந்தைக்குப் பெயரில்லை. புதுமைப்பித்தனின் 'மகாமசானம்' இதே விஷயத்தைச் சென்னைத் தெருவில் வைத்துக் காட்டுகிறது. நடைபாதையில் ஒரு பிச்சைக்காரர் செத்துக்கொண்டிருக்கிறார். நகரம் தன் பாட்டுக்கு நடந்துபோகிறது. நின்று பார்ப்பது ஒரு குழந்தை. கொல்பவர் அங்கே யாருமே இல்லை. தொல்காப்பியத்தின் அழுகைப் பட்டியல் போல, பட்ட நிலை மட்டும் இருக்கிறது.

சாதத் ஹசன் மண்டோ 1948இல் எழுதிய 'கோல் தோ' இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. பிரிவினைக் கலவரத்தில் மகளைத் தொலைத்த சிராஜுதீன், தேடித் தருவதாகச் சொன்ன தொண்டர் இளைஞர்களை வாழ்த்தி அனுப்புகிறார். அவர்கள் அவர் சமூகத்துப் பிள்ளைகள். அவளைச் சிதைத்தவர்களும் அவர்களே. மருத்துவர் சன்னலைத் திறக்கச் சொன்ன சொல்லைக் கேட்டு, உயிர் ஊசலாடும் அந்தப் பெண்ணின் கை என்ன செய்கிறது என்பதில் கதை முடிகிறது. அப்பா மகள் உயிரோடு இருக்கிறாள் என்று மகிழ்ச்சியில் கத்துகிறார். மருத்துவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது. ஒரே அசைவில் பலியானவளின் முழுக் கதையையும் மண்டோ சொல்லிவிட்டார், அவள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல்.

பட்டவரின் குணம்

இதுவரை பார்த்த நான்கு நிலைப்பாடுகளும் பலியானவரை ஒதுக்கிவிட்டு நடக்கக்கூடியவை. அவரை நடுவில் வைத்தால் சிக்கல் கூடுகிறது. செக்கோவ் 1888இல் எழுதிய 'தூக்கம்' கதையில் 13 வயது வார்கா ஒரு செருப்புத் தைப்பவர் வீட்டு வேலைக்காரி. பகலெல்லாம் உருளைக்கிழங்கு உரித்தல், செருப்புத் துடைத்தல், சமோவார் மூட்டுதல். இரவெல்லாம் தொட்டில் ஆட்டுதல். கண் அயர்ந்தால் அடி. விளக்கின் பச்சை நிழல் கூரையில் ஆட, யார் தன்னை வாழவிடாத எதிரி என்று தேடுகிறாள். கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சியில் சிரிக்கிறாள். குழந்தையின் கழுத்தை நெரித்துவிட்டுத் தரையில் படுத்து அயர்ந்து தூங்கிப்போகிறாள். கொடியவரும் பலியானவரும் ஒரே உடம்பில். செத்த குழந்தைக்கு எவர் பதில் சொல்வது?

இதைவிடக் கடுமையான விவாதத்தைக் கிளப்பியது பிரேம்சந்த் மறைவதற்குச் சற்று முன் எழுதிய 'கஃபன்'. குடிசைக்குள் பிரசவ வேதனையில் புதியா துடிக்கிறாள். வெளியே கணவன் மாதவும் மாமனார் கீசுவும் திருடிய உருளைக்கிழங்கைச் சுட்டுத் தின்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்க்கப் போனால் அப்பா அதிகம் தின்றுவிடுவாரோ என்ற பயத்தில் மாதவ் நகரவில்லை. அவள் சாகிறாள். கோடித்துணிக்குச் சேர்த்த காசில் குடிக்கிறார்கள். உழைத்தவர்களும் பட்டினிதான் கிடக்கும் சமூகத்தில் இவர்கள் இப்படியானதில் வியப்பில்லை என்று கதைசொல்லியே வாதாடுகிறார். ஒடுக்குமுறை மனிதரை எந்த நிலைக்குக் கொண்டுபோகும் என்பதற்குச் சான்று என்று முற்போக்கு விமர்சகர்கள் இதைக் கொண்டாடினார்கள். தலித் விமர்சகர்கள் பலர் எதிர்த்தார்கள்: ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த இருவரை இரக்கமற்ற சோம்பேறிகளாக வரைந்துவிட்டு, பழியைச் சமூகத்தின் மேல் போட்டதாகச் சொன்னால் போதுமா என்று கேட்டார்கள். இந்த எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. டெஸ்ஸியின் குறை ஊரார் எல்லாருக்கும் பொதுவான குறை. கீசுவின் குறையோ ஆதிக்கச் சாதிகள் அவன் மக்கள்மேல் ஏற்கெனவே சுமத்தியிருந்த பழியோடு போய் ஒட்டிக்கொள்கிறது. பட்டவருக்குக் குணக்கேடு கொடுப்பது எல்லாக் கதையிலும் ஒரே விளைவைத் தராது. இந்த வாக்குவாதம் முழுவதிலும் குடிசைக்குள் கிடந்த புதியாவைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

அரசியல் தத்துவத்தில் இச்சிக்கலை நேராகத் தொட்டவர் ஜூடித் ஷ்க்லார். கொடுமையே தீமைகளில் முதலாவது என்று 1984இல் எழுதிய அவர், பலியானவரை உயர்ந்தவராகப் போற்றுவதும் ஒரு வகையில் அவரைப் பயன்படுத்திக்கொள்வதே என்று எச்சரித்தார். நேற்றைய பலி நாளைய கொடியவராகலாம். அதனால் அவர் இன்று படும் வதை ஒரு துளியும் குறைந்துவிடாது. டெஸ்ஸிக்கும் காஃப்காவின் கைதிக்கும் இது சரியாகப் பொருந்துகிறது.

இன்னும் தீராதவை

இக்கதைகளை வாசிப்பதால் வாசகரின் இரக்கம் வளர்கிறதா என்பது முதல் திறந்த கேள்வி. அப்படித்தான் என்று 1989இல் ரிச்சர்டு ரோர்ட்டி நம்பிக்கையோடு எழுதினார். 2013இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, இலக்கியக் கதை வாசித்தவர்கள் பிறர் மனநிலையைக் கூடுதலாக ஊகித்ததாகச் சொன்னது. பின்னர் அதைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அந்த முடிவு கிடைக்கவில்லை. இப்போதைக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது, கொடியவர் வாயால் சொல்லப்படும் கதை பலியானவருக்கு நீதி செய்ய முடியுமா என்பது. போவை வைத்துப் பார்த்தால் கடினம் என்றே தோன்றுகிறது. மண்டோவை வைத்துப் பார்த்தால், பேச்சே இல்லாமலும் அது முடிகிறது.

மூன்றாவதே கடினமானது. பட்டவரைக் குறைகளோடு எழுதுவது அவரை மனிதராக மதிப்பதா, பழியை அவர் தலையில் பாதி ஏற்றுவதா? யார் எழுதுகிறார், யாரைப் பற்றி, எந்தச் சமூகத்தில் என்பதைப் பொறுத்தே விடை மாறும் என்பது இதுவரை கிடைத்த சான்றுகளிலிருந்து எடுக்கக்கூடிய கவனமான முடிவு. ஆனால் விமர்சனம் இனிமேலாவது கொடியவரின் மனத்தைக் குடைவதில் செலவிட்ட உழைப்பில் பாதியையாவது டெஸ்ஸிக்கும் வார்காவுக்கும் புதியாவுக்கும் தர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

'லாட்டரி' கதையில் டெஸ்ஸியின் கடைசிப் பிள்ளை டேவி மிகச் சிறியவன். சீட்டெடுக்கவே கையைப் பிடித்து உதவ வேண்டியிருக்கிறது. அம்மாவை அடிக்க ஊர் கிளம்பும்போது அவன் கையிலும் யாரோ சில கூழாங்கற்களைக் கொடுக்கிறார்கள். கொடுத்தவர் பெயரை ஜாக்சன் எழுதவில்லை.